துப்பாக்கிக்காரர்களும் கவுதாரிச் சங்கமும்

பிப்ரவரி 9

வேனுக்குப் பிரேக் பார்த்தாயிற்று. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வண்டி, தள்ளிப்போட முடியாது. மெக்கானிக், "கட்டை புதுசாட்டமே இருக்கே, பிரேக்கே மிதிக்கறதில்லையா?" என்றார். முன்பு மிதித்தேன். கவுதாரி குஞ்சுகளை இழுத்துக்கொண்டு சாலையைக் கடக்கும், பிள்ளைகள் ஜன்னலில் முண்டியடிப்பார்கள். இரண்டு வருடமாக ஒன்றும் குறுக்கே வரவில்லை.

மாலை மருந்துக்கடையின் பின்னறையில் கூட்டம். இருமல் மருந்துப் பெட்டிகள்தான் நாற்காலி. சங்கம் மருந்துக்கடைக்காரியின் யோசனை. நானும் அவளும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. வெல்டரையும் அவர் மனைவியையும் சேர்த்தால் நான்கு பேர். இதைச் சங்கம் என்று சொல்ல வெல்டருக்கே சிரிப்பு வந்தது.

கவுதாரி தரையில் கூடு வைக்கும். அதற்குப் புதர்வேலியும் உயரமான புல்லும் வேண்டும். வயலை அகலமாக்க எல்லோரும் புதரை வழித்துவிடுகிறார்கள், மிச்சத்தைக் கொளுத்துகிறார்கள். ஓரத்தை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கேட்கப்போகிறோம். அவ்வளவுதான் சங்கம்.

பிப்ரவரி 22

வீடு வீடாக ஏறி இறங்கினோம். களை பரவும் என்றார் ஒருவர். எலி வரும் என்றார் அடுத்தவர். இன்னொருவர் நாயை அவிழ்த்துவிடவில்லை, அந்த மட்டில் மரியாதை.

கடைசியாக அண்ணன் வீடு. இந்தப் பக்கத்தில் அதிக நிலம் அவனுக்குத்தான். ஆற்றோரப் புதர்க்காடும் அவனுடையது. வேட்டைக் குழுவுக்கும் அவன்தான் தலைவன். சோபாவில் சாய்ந்தபடியே கேட்டான்: "ஏம்மா, வேன் ஓட்டறது பத்தலையா? கவுதாரிக்கு ஆயா வேலையும் பாக்கறியா?"

அண்ணி மட்டும் சிரிக்கவில்லை.

மார்ச் 3

ஒருவரும் சம்மதிக்கவில்லை. இல்லை, ஒருவர். வெல்டரின் மாமனார். அதுவும் மருமகன் நச்சரிப்பு தாங்காமல்.

மார்ச் 19

அந்த ஒரு வயலின் ஓரத்தில் முள்செடி நட்டோம். நான்கு பேர்தான் என்று நினைத்துப் போனால், வேனில் வரும் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் மண்வெட்டியோடு நிற்கிறார்கள்! பிள்ளைகள் வீட்டில் அரித்தெடுத்திருக்கிறார்கள். முள் குத்தும் என்று வெல்டர் தன் முகமூடியை மாட்டிக்கொண்டு வந்தார். குத்தியதென்னவோ கையில்.

மருந்துக்கடைக்காரி எல்லோர் விரலுக்கும் பிளாஸ்திரி ஒட்டினாள். "பாத்தியாடி, சங்கத்துக்கு ஆள் சேந்துடுச்சு" என்று என் முதுகில் ஒன்று வைத்தாள். இன்னும் வலிக்கிறது. நல்ல வலி.

மே 2



ஆற்றோரப் புதரை அழிக்க அண்ணன் புல்டோசர் வரவழைத்திருக்கிறான் என்று காலையில் அண்ணி போன் செய்தாள். முட்டையும் குஞ்சுமாக இருக்கும் சமயம். பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு நேரே போய், வண்டிப்பாதையில் வேனைக் குறுக்கே நிறுத்தினேன்.

"வண்டிய எடு."

"எடுக்க மாட்டேன்."

"என் நிலம்மா இது."

"யாரு இல்லேன்னது? சாவி என் இடுப்புல இருக்கு. முடிஞ்சா வேனத் தூக்கிட்டுப் போ."

புல்டோசர்காரர் காதில் விழாதது போல ஆற்றைப் பார்த்தார். அண்ணன் ஆத்திரத்தில் புதருக்குள் கால் வைத்ததும் ஒரு கவுதாரி அவன் காலடியிலிருந்து கிளம்பியது. பறக்கவில்லை. ஒரு சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு, ஒடிந்ததுபோல் நொண்டி நொண்டி ஓடியது.

அடிபட்டுவிட்டதென்று நான் அலறினேன். அண்ணன் அசையவே இல்லை. "சும்மா இரு. நடிக்குது. நம்மள அந்தாண்ட இழுத்துட்டுப் போகப் பாக்குது. குஞ்சு இங்கதான் எங்கயோ இருக்கு." தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் அப்படியே நின்றான்.

பிறகு புல்டோசரைத் திருப்பி அனுப்பினான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "போன சீசன்ல நாங்க ஒண்ணுகூட சுடல. கருணை கிருணைன்னு நெனச்சுக்காத. சுடறதுக்கு எதுவும் இல்ல. வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு."

மே 20

அண்ணன் வீடு தேடி வந்தான். வேட்டைக் குழு முழுவதும் சங்கத்தில் சேரத் தயாராம். புதர்க்காட்டைத் தொட மாட்டார்கள், அவரவர் வயல் ஓரத்தை விடுவார்கள், துப்பாக்கியை உள்ளே வைத்துப் பூட்டுவார்கள். ஒரு நிபந்தனை: பறவை நன்றாகப் பெருகினால், எல்லோரும் கூடிப் பேசி, கொஞ்சம் சுடலாம்.

மருந்துக்கடைக்காரியிடம் சொன்னேன். முகம் கறுத்துவிட்டது. "சுடறதுக்கு வளக்கறதா? அதுக்குப் பேரு சங்கமாடி? கோழிப்பண்ணை!"

அவள் சொல்வதில் தப்பும் இல்லை.

மே 27

கூட்டத்தில் கை தூக்கச் சொன்னார்கள். நான் தூக்கினேன், வேட்டைக் குழுவைச் சேர்க்கலாம் என்று. அவள் என் கையைப் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அது அவள் கடை, அவள் அறை! நாங்கள் அங்கேயே திருதிருவென்று விழித்தபடி உட்கார்ந்திருந்தோம்.

நான் பண்ணது சரியா? நெலம் பூரா அவங்ககிட்ட இருக்கு. அவங்கள வெளிய நிறுத்திட்டு நாம எங்க போய் நடறது, மொட்டை மாடியிலயா? இதையெல்லாம் அவகிட்ட சொல்லியிருக்கணும். சொல்லல. கைய மட்டும் தூக்கினேன்.

இறங்கியாயிற்று. இனிப் பின்வாங்க மாட்டேன்.

ஜூலை 14

பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். பின்னறை இனிக் கொள்ளாது. பக்கத்து ஊர்களிலிருந்தும் வருகிறார்கள். கவுதாரி எந்தப் புல்லில் ஒதுங்கும், எங்கே மண்ணில் புரளும் என்று வேட்டைக்காரர்களுக்கு அத்துப்படி. சுடக் கற்றதெல்லாம் நடவுக்கு உதவுகிறது. அண்ணன் வரைந்து காட்டிய இடங்களில்தான் இந்த வாரம் புதர் வைக்கிறோம்.

காய்ச்சல் மாத்திரை வாங்க அவள் கடைக்குப் போனேன். எடுத்துக் கொடுத்தாள். "சாப்பிட்டப்புறம் போடுங்க" என்றாள்.

போடுங்க. என்னை. வேனில் ஏறி உட்கார்ந்து அழுதேன்.

அக்டோபர் 30

அவள் ஆற்றுக்கு அக்கரையில் தனியாக ஒரு சங்கம் ஆரம்பித்துவிட்டாளாம், துப்பாக்கிக்காரர்கள் கிடையாது என்ற விதியோடு. வெல்டரின் மனைவியும் அங்கே போகிறாள். வெல்டர் இங்கே. "வீட்டுலயே ரெண்டு சங்கம். சோறு மட்டும் ஒண்ணாத்தான் வேகுது" என்கிறார்.

கோபம் வருமென்று நினைத்தேன். வரவில்லை. அக்கரையிலும் புதர் வேண்டும்தானே.

டிசம்பர் 6

சீசன் தொடங்கியதும் குழுவில் சிலர் குதித்தார்கள். கவுதாரி கண்ணில் படுகிறதே, ஆளுக்கு ஒன்று சுட்டால் என்ன?

அண்ணன் எழுந்தான். "இன்னும் நல்லாப் பெருகல. அடுத்த வருஷம் பேசலாம்." இரண்டு பேர் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு வெளியேறினார்கள். ஒருவர் அவனோடு எத்தனையோ வருடம் வேட்டைக்குப் போனவர்.

வழியில் கேட்டேன், "வருத்தமாண்ணா?"

"உன் சிநேகிதி போனப்ப உனக்கு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்புறம் என்ன கேள்வி?" என்றான்.

மார்ச் 11

காலையில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தபோது மருந்துக்கடைக்காரி வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. அக்கரையில் பெரிய நிலக்காரர் ஒருவர் வயலோரத்தைக் கொளுத்த நாள் குறித்துவிட்டாராம். இவள் நான்கு முறை போயும் மசியவில்லை. பழைய வேட்டைக்காரர், வேட்டைக்காரன் சொன்னால்தான் கேட்பாராம்.

"உன் அண்ணன் வருவாரா?" என்றாள், வேனின் சக்கரத்தைப் பார்த்தபடி.

போன் செய்தேன். பாதிப் பொத்தான் போட்ட சட்டையோடு மோட்டார் சைக்கிளில் வந்தான். அவள் பின்னால் ஏறினாள். கிளம்பும் முன்பே, "உங்க விதிப்படி நான் அங்க கால் வைக்கலாமா?" என்று அவன் ஆரம்பித்தான். "கால் வைங்க, துப்பாக்கிதான் ஆகாது" என்றாள் அவள். தெருமுனை திரும்பும் வரை இரண்டு பேர் சத்தமும் கேட்டது.

நேரமாகிவிட்டது. முதல் நிறுத்தத்தில் பிள்ளைகள் காத்திருப்பார்கள் என்று வேனைக் கிளப்பினேன்.