உனக்குள் பேசுகிற என் குரல்

முதலில் ஒரு குறிப்பு, அக்கா. இந்தக் கடிதம் அம்மா உனக்கு எழுதுவது, கை மட்டும் என்னுடையது. அம்மாவின் வலது ஆள்காட்டி விரலில் பெரிய கட்டு, பேனா பிடிக்க முடியவில்லை. அம்மா சொல்வது எதையும் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக எழுதுவதாக ஒப்புக்கொண்டு, விடியும் முன்பே விளக்கைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். அம்மா பேசுவதை எழுத்து நடைக்கு மாற்றியிருக்கிறேன், யாராவது பேசினார்கள் என்று வரும் இடத்தில் மட்டும் பேசியபடியே விட்டிருக்கிறேன். அடைப்புக்குறிக்குள் இருப்பவை என் சொந்தக் குறிப்புகள், அவற்றை அம்மா இன்னும் பார்க்கவில்லை.

அன்புள்ள பெரியவளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் என் ஒரு விரல் நீங்கலாகச் சுகம், அங்கே நீ பத்து விரலும் சேர்த்து முழுச் சுகமாக இருக்க வேண்டும். விரலுக்குப் பயப்படும்படி ஒன்றுமில்லை, தையல் மெஷின் ஊசி நகத்தோரமாக இறங்கிவிட்டது, டாக்டர் அந்த ஊசியை எடுத்துவிட்டு அவருடைய ஊசி ஒன்றைப் போட்டு ஒரு வாரம் வேலைக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். இருபத்திரண்டு வருடமாகக் காலர் தைக்கிறேன், துணிக்கும் விரலுக்கும் வித்தியாசம் தெரியாமல் போனது இதுதான் முதல் தடவை. அதற்குக் காரணம் உன் கடிதம். கோபமாகச் சொல்லவில்லை கண்ணு, நடந்ததைச் சொல்கிறேன். அப்பா நன்றாக இருக்கிறார், கடைத்தெருவில் புதிதாகக் கட்டிய ஒன்பது மாடிக் கட்டடத்தின் லிஃப்டுகளும் இப்போது அவர் பொறுப்பு, முழங்கால் வலிதான் விடவில்லை. ஊரெல்லாம் லிஃப்டில் போக, லிஃப்டைச் சரிசெய்கிறவர் படியேறிப் போகிறார், அது அவர் தலையெழுத்து. சின்னவள் வாரத்துக்கு நான்கு புத்தகம் கொண்டுவருகிறாள், சாப்பிடும்போதும் படிப்பு, தட்டில் என்ன இருந்தது என்று கேட்டால் விழிக்கிறாள். (எனக்குத் தெரியும். படிக்கிற வரி முடியட்டும் என்று பதில் சொல்லாமல் இருப்பேன், அவ்வளவுதான்.)

உன் கடிதம் வந்த அன்று வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே படித்தேன். ரத்தத்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து சின்னக் கண்ணாடிக் குழாய்களில் விட்டுக் காட்டும் தேர்வில் நீ இரண்டு முறை தவறிவிட்டாய், மூன்றாவது தேர்வு இருபதாம் தேதி, அதிலும் தவறினால் சோதனைக்கூடத்தை விட்டு ஆஸ்பத்திரி முன்வாசலில் சீட்டு எழுத உட்கார வைத்துவிடுவார்கள் என்று எழுதியிருந்தாய். அடுத்த பக்கத்தைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தனியாகச் செய்யும்போது கை ஆடுவதே இல்லையாம், யாராவது பார்க்க நின்றால் உடனே உன் தலைக்குள் நான் வந்து நின்றுகொண்டு "பாத்து, கொட்டிடாதே" என்கிறேனாம், கை ஆடிவிடுகிறதாம். தயவுசெய்து அதைச் சொல்வதை நிறுத்தம்மா என்று எழுதியிருந்தாய். "அவ போய் நாலு வருஷமாச்சு, நான் அந்த ஊர்ப் பக்கமே தலைவெச்சுப் படுக்கல, நான் எப்படிடி அவ கையை ஆட்டுவேன்?" என்று சின்னவளைப் பிடித்துக் கத்தினேன், ஏதோ அவள் எழுதிய கடிதம் போல. அப்பா செய்தித்தாளைக் கீழே இறக்காமலே, "நாப்பது மெஷின் சத்தத்தைத் தாண்டுற குரலாச்சே, கடலைத் தாண்டாதா?" என்றார். அவரோடு இரண்டு நாள் நான் பேசவில்லை. (ஒன்றரை நாள். நடுவில் சாவி எங்கே என்று கேட்டாள்.)

கோபம் ஆறினதும் வேறொரு யோசனை வந்தது. இப்படி எல்லோருக்குள்ளும் யாராவது பேசுகிறார்களா, அந்தக் குரல் எப்படி இருக்கும், யாருடையது? சின்னவளைக் கேட்டேன். புத்தகத்தில் வருகிற ஒவ்வொருவருக்கும் அவள் தனித்தனிக் குரல் வைத்திருக்கிறாளாம், பாடப் புத்தகம் முழுவதையும் மட்டும் அவளுடைய சரித்திர டீச்சர் சளிப்பிடித்த குரலில் படித்துக் காட்டுவாராம். (நானாக எதையாவது யோசிக்கும்போது பேசுகிறவள் வேறு. அவளுக்கு இருபது வயது இருக்கும், யாருக்கும் பயப்படமாட்டாள். அம்மா அவளைப் பற்றிக் கேட்கவில்லை.) அப்பாவைக் கேட்டால், "எனக்குள்ள யாரும் பேசறதில்லையே. கயிறு ஓடும், சக்கரம் சுத்தும், எங்க இடிக்குதுன்னு படமாத் தெரியும்" என்றார். அப்படியானால் உள்ளே ஒரே நிசப்தமா, பாவம் என்று சின்னவள் வருத்தப்பட்டாள். "வெளியில பேச மூணு பேரைக் கொடுத்திருக்கானே, உள்ளயும் ஒரு ஆள் வேணுமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். மறுநாள் கம்பெனியில் டீ நேரத்தில் இதே பேச்சை எடுத்தேன். பட்டன் வைக்கிற அக்கா, "எனக்குள்ள என் மாமியார்தான். செத்து ஆறு வருஷம் ஆகுது, இன்னும் காலி பண்ணல" என்றாள், எல்லோரும் டீயைச் சிந்திச் சிரித்தார்கள். அப்புறம் கட்டிங் மாஸ்டர் வாயைத் திறந்தார். அவருக்குத் திக்குவாய் என்று உனக்குத் தெரியும். "உள்ள எனக்கு தி... தி..." என்று ஆரம்பித்தார், வழக்கம்போல நாங்கள் முந்திக்கொண்டோம், ஒருத்தி "திட்டுவாங்களா?" என்றாள், ஒருத்தி "திரும்பத் திரும்பக் கேக்குமா?" என்றாள், அவர் தலையை ஆட்டி ஆட்டி மறுத்துவிட்டு எழுந்துவிட்டார். என்னவோ தோன்றி, "இருங்கடி, அவர் சொல்லி முடிக்கட்டும்" என்றேன். ஊசியில் நூல் கோக்கிற நேரம்தான் ஆனது. "தி... திக்காது. உள்ள நான் தண்ணி மாதிரிப் பேசுவேன். எப்படா முடிப்பான்னு நீங்க எல்லாரும் என் வாயையே பாக்குறீங்களே, அப்பத்தான் நா... நாக்கு நிக்குது" என்றார். பதினோரு வருடமாக ஒரே கூரைக்குக் கீழே வேலை செய்கிறோம், அவர் ஒரு பேச்சை முழுதாகச் சொல்லி நான் கேட்டது அன்றுதான். மெஷினுக்குத் திரும்பி உட்கார்ந்தேன், உன் கையைப் பார்த்துக்கொண்டு நிற்பது யார் என்ற நினைப்பிலேயே மெஷினை மிதித்தேன், விரல் ஊசிக்கு அடியில் போய்விட்டது.

வீட்டில் சும்மா இருக்கிறவளுக்கு என்ன வேலை, உன் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன், இந்த முறை உட்கார்ந்து, உதடு அசையாமல், உள்ளே என்ன கேட்கிறது என்று கவனித்துக்கொண்டே. உன் குரல்தான் கேட்டது. ஆனால் போனில் கேட்கிற குரல் இல்லை. ஆறு வயதுக் குரல். முன்பல் இரண்டும் விழுந்து காற்றோடு பேசுவாயே, அது. ரத்த மாதிரி என்றும் மேலதிகாரி என்றும் எழுதியிருக்கிறாய், எல்லாவற்றையும் ஒரு பொக்கைவாய்ப் பிள்ளை படித்துக் காட்டுகிறது. சந்தேகப்பட்டுப் பழைய கடிதங்களை எடுத்தேன், தனியாக வீடு பார்த்துக் குடிபோய்விட்டேன் என்று போன வருடம் எழுதினாயே, அதுவும் அதே குரல். உனக்கு இருபத்தாறு வயது என்று எனக்குத் தெரியாதா? தெரியும், ஆனால் உள்ளே இருக்கிற காதுக்குத் தெரியவில்லை. ஏன் ஆறு வயதிலேயே நின்றுபோனாய் என்று யோசித்தேன், ரொம்ப யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இந்த இடம் வந்ததும் சின்னவளிடம் இதற்கு மேல் வேண்டாம், உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதி முடி என்றேன். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு, "உண்மையா எழுதறதா ஒப்புக்கிட்டிருக்கேம்மா" என்கிறாள். சரி, எழுது.

நீ வெந்நீரைக் கொட்டிக்கொண்ட கதை உனக்கு மனப்பாடம், இடது பாதத்தில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கும். அப்பாவுக்குக் காய்ச்சல், ஆவி பிடிக்க வெந்நீர் கேட்டார், நான் துணி அலசிக்கொண்டிருந்தேன். பாத்திரத்தை உன்னிடம் கொடுத்து அனுப்பியதே நான்தான், ஆறு வயதுப் பிள்ளையிடம். நீ இரண்டு கையிலும் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நாக்கை ஓரமாக நீட்டியபடி ஒவ்வொரு அடியாக வைத்து நடந்தாய். அடுப்படியிலிருந்து நடைவாசல் வரை ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அப்பாவின் கட்டிலுக்கு இன்னும் நான்கு அடி. அப்போது நான் பின்னாலிருந்து "பாத்து, கொட்டிடாதே!" என்று கத்தினேன். குரல் வந்த பக்கம் நீ திரும்பினாய், அம்மா கூப்பிட்டால் பிள்ளை திரும்பத்தானே செய்யும். அப்போதுதான் கொட்டியது. கட்டுப் போட்ட நர்ஸிடம், "சொல்லச் சொல்லக் கேக்காமக் கொட்டிட்டா" என்றேன். அடுத்த வீட்டில் கேட்டவர்களுக்கும் அதையே சொன்னேன், உன்னிடமும் சொன்னேன். இருபது வருடமாகச் சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன், நீ நம்பியதில் ஆச்சரியம் இல்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்தப் பாத்திரம் பத்திரமாகக் கட்டிலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். (அப்பா காலுறை மாட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார், அவருக்கும் இது புதிது. "அன்னைக்கு ஆவி பிடிக்காமலே எனக்குக் காய்ச்சல் விட்டுடுச்சு, விடு" என்றார்.)

அந்தக் குரலை நிறுத்து என்று கேட்டாய், நிறுத்தத்தான் ஆசை, ஆனால் அது இப்போது என்னிடம் இல்லையே, உன்னிடம் அல்லவா இருக்கிறது. அதனால் ஒன்று சொல்கிறேன், கேள். இருபதாம் தேதி நான் உள்ளே வந்து நின்று ஆரம்பித்தால் என்னை ஒரு அதட்டுப் போடு. "பேசாம இரும்மா, நான் பாத்துக்கறேன்" என்று சொல். நீ என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை, உன் பங்கையும் சேர்த்துத்தான் சின்னவள் பேசுகிறாள், அதனால் உனக்குப் பழக்கம் இருக்காது, தினமும் குளிக்கும்போது நாலு தரம் சொல்லிப் பழகிக்கொள். மரியாதைக் குறைவு என்று நினைக்காதே, நானே அனுமதி கொடுக்கிறேன். (எப்படி இருக்கும் என்று பார்க்க என்னை ஒரு தரம் சொல்லச் சொன்னாள். நான் மூன்று தரம் சொன்னேன். மிகவும் நன்றாக இருந்தது. அம்மா "போதும்டி" என்றாள்.) அதட்டியும் போகவில்லை என்றால் நிற்கட்டும், பாத்திரத்தோடு நடந்து வந்தாயே, அந்தக் கை உன்னிடம்தான் இருக்கிறது, அதை நம்பு. மற்றபடி முந்தின நாள் சீக்கிரம் படுத்துவிடு, வெறும் வயிற்றோடு போகாதே, புதுச் செருப்பு வேண்டாம். கை தவறிவிட்டால் சீட்டு எழுதும் மேசைக்குப் போ, அங்கேயும் நோயாளிகள்தான் வருவார்கள், உன் முகத்தைப் பார்த்தால் அவர்களுக்குத் தெம்பாக இருக்கும். ஆனால் நீ ஆசைப்பட்டது அது இல்லை என்று எனக்குத் தெரியும். தேர்வன்று காலை நான் போன் செய்யமாட்டேன், அப்பாவிடம் சொல்லி என் போனை அவருடைய ஸ்பேனர் பெட்டிக்குள் பூட்டச் சொல்லியிருக்கிறேன். நீயாகக் கூப்பிடு, எந்த முடிவானாலும் எடுத்த எடுப்பில் சொல்லிவிடு, நான் நடுவில் பேசமாட்டேன்.

நீ எடுத்த காரியம் கைகூடட்டும், நல்ல மனுஷர்கள் பக்கத்தில் இருக்கட்டும், ராத்திரி நிம்மதியாகத் தூங்கு. மறக்காமல் இப்போதைய போட்டோ ஒன்று அனுப்பு, உன் கடிதம் படிக்கும்போதெல்லாம் எதிரில் வைத்துக்கொண்டு படித்துப் பழகப் போகிறேன். பல் தெரியச் சிரித்து எடு, அப்போதாவது உள்ளே இருக்கிற அந்தப் பொக்கைவாய்க்குப் பல் முளைக்கிறதா பார்ப்போம்.

எட்ட இருந்தாலும் கிட்ட இருக்கும்,
உன் அம்மா

(மேலே இருக்கும் கையெழுத்து அம்மாவே போட்டது, அக்கா. அதை நான் எழுதக் கூடாது என்று இடது கையால் பேனாவைப் பிடித்துக்கொண்டாள். நிப்பு தாளைக் குத்தியது, மையும் ஒழுகுவது போல இருந்தது. "பாத்தும்மா" என்று என் வாய் வரை வந்துவிட்டது. இத்தனையும் என் கையால் எழுதிய பிறகு. பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா அவள் பாட்டுக்கு எழுதி முடித்தாள். கோணலாக இருக்கிறது, ஆனால் கிழியவில்லை. நன்றாக விடிந்துவிட்டது, அப்பா வேலைக்குக் கிளம்பும்போது விளக்கை அணைத்துவிட்டார்.)