ரிப்பேர் ஆகாத ரத்தம்

17.8.1998, திங்கள்

அண்ணனின் குடல் கேன்சர் ஆபரேஷன் முடிந்து இன்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அப்பாவும் அக்காவும் இதே நோயில் போனதைச் சொன்னேன். என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். செங் வட்டாரத்து ஃபேக்டரி ஒன்றில், பிழையாக வரும் சாமானைச் சரிபண்ணும் ரிப்பேர் செக்‌ஷன் என்றேன்.

"உடம்பும் அப்படித்தான் அக்கா. செல் பெருகும்போது டிஎன்ஏ-வுல பிழை விழும். அதச் சரிபண்ண சில புரதம் இருக்கு. உங்க குடும்பத்துல அதுல ஒண்ணு பிறவியிலயே கெட்டிருக்கும்போல. பிழை சேந்து சேந்து கேன்சராயிடுது. உங்களுக்கும் இருக்கலாம். இருந்தா, புள்ளைங்களுக்கும் வர பாதிக்குப் பாதி சான்ஸ்."

டெஸ்ட் எடுக்க இங்கே வசதி இல்லையாம்.

எஸ்டேட்டில் களைக்கு அடித்த புல்மருந்துதான் காரணம் என்று இத்தனை வருஷம் திட்டினோம். இனி யாரைத் திட்டுவது?

என் மகள் கவிதாவை அண்ணன் மகனுக்கு என்று அவள் வயதுக்கு வந்தபோதே பேசிவிட்டோம். வரும் வெள்ளிக்கிழமை தாம்பூலம் மாற்ற வேண்டும். இரண்டு பேருக்குமே அந்தக் குறை இருந்தால் பிறக்கிற பிள்ளை என்ன ஆகும்? டாக்டரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

வார்டில் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் போயிட்டாலும் கல்யாணத்த நிறுத்திடாத தங்கச்சி. வெளிய எங்கயும் தேடாத லா. நம்ம ரத்தம் நம்மளுக்குள்ளயே இருக்கட்டும்."

சரிண்ணா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த அறையில் கவிதா வெள்ளிக்கிழமைப் புடவையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். பாடுகிறாள்.