வாலுவின் பெயரில் வந்த பதில்கள்

பிப்ரவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தானே? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் கேட்டால் "ம்" என்கிறாய். அதற்கு மேல் உன்னிடமிருந்து ஒரு வார்த்தை பிடுங்க முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். என் தங்கை வாலு போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அவள் புருஷன் என்ற உறவும் அதோடு அறுந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. எனக்கு நீ எப்போதும் தம்பிதான்.

உன்னால் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும். நேற்று கடைக்கு ஒரு டீச்சர் வந்தார். புற்றுநோய்க்காக ஒரு பக்க மார்பை எடுத்து ஐந்து வாரம் ஆகிறது. அளவெடுக்கும்போது சொன்னார்: "மூணு வாரமா படுத்துக்கிட்டே போன்ல தேடினேங்க. உங்க கடை வரவே இல்ல. நர்ஸ் சொல்லித்தான் தெரிஞ்சுது. வெப்சைட்டத் திறந்தா எழுத்து எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. நம்பர அமுக்கினா போன் போக மாட்டேங்குது."

அவர் போன பிறகு நானே தேடிப் பார்த்தேன். "மார்பு" என்று எழுதி முடிப்பதற்குள் வந்து விழுந்த கண்றாவியை உனக்கு எழுதக் கை கூசுகிறது. தையல் பிரிக்காத புண்ணோடு படுத்திருக்கும் ஒருத்தி இந்தச் சாக்கடையை எல்லாம் விரலால் தள்ளித் தள்ளித்தான் என்னிடம் வந்து சேர வேண்டுமா?

மார்பை எடுத்தவர்களுக்கான முதல் உள்ளாடையை நான் வாலுவுக்காகத்தான் தைத்தேன். உனக்குத் தெரியும். வெப்சைட்டுகளை மேலே கொண்டுவருவதுதானே உன் பிழைப்பு? அக்காவின் கடையையும் கொஞ்சம் மேலே கொண்டுவா.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 12

அன்புள்ள அக்கா,

உங்கள் வெப்சைட்டைப் பார்த்தேன். யார் செய்து கொடுத்தது? போட்டோ ஸ்டூடியோக்காரரா? கல்யாணப் பத்திரிகை மாதிரி முழுப் பக்கத்தையும் ஒரே படமாக ஒட்டி வைத்திருக்கிறார். தேடல் இயந்திரம் எழுத்தைத்தான் படிக்கும், படத்தைப் படிக்காது. அதன் கண்ணுக்கு உங்கள் கடை ஒரு வெள்ளைச் சுவர். போன் நம்பரும் அந்தப் படத்துக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்தின் தலைப்பு "முகப்பு". உலகத்தில் யாராவது "முகப்பு" என்று தேடுவார்களா அக்கா?

எல்லாவற்றையும் பிரித்து எழுத்தாக மாற்றுகிறேன். பெரிய எழுத்து, அளவு அட்டவணை, அமுக்கினால் உங்களுக்கு அடிக்கிற பொத்தான். நீங்கள் ஒன்று மட்டும் செய்யுங்கள். வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளை அவர்கள் வாயில் வருகிற மாதிரியே எழுதி அனுப்புங்கள். நீங்கள் "அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய மார்புக் கச்சை" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி எவரும் தேட மாட்டார்கள்.

சாப்பிடுகிறேன்.

தம்பி


மார்ச் 15

அன்புள்ள தம்பிக்கு,

நீ கேட்டபடி ஒரு மாதமாகக் கடையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்து நான் அனுப்பிய கேள்விகளை எல்லாம் அப்படியே போட்டுவிட்டாய். "பின்னாடி கை போகல, முன்னாடி கொக்கி இருக்கா?" "தையல் தழும்புல உரசுமா?" "ஒரு பக்கம் லேசா இருந்தா தோள் சாயுமா?" "வீட்டுக்காரருக்குத் தெரியாம பார்சல் வருமா?" படிக்கும்போதே அந்த ஒவ்வொரு முகமும் எனக்குத் தெரிகிறது.

திங்கட்கிழமை ஒரு அம்மா போன் செய்தார். "அட, அமுக்கினதும் மனுஷங்களே எடுக்கிறீங்களே!" என்று அவருக்கு ஒரே ஆச்சரியம். பத்து நாளில் வந்த ஆர்டர் போன வருஷம் முழுக்க வந்ததை விட அதிகம். கூடத் தைக்க இரண்டு பெண்களைச் சேர்த்திருக்கிறேன். வாலு இருந்திருந்தால் என்னைக் கிண்டல் பண்ணியே கொன்றிருப்பாள்.

ஒரே ஒரு குறை. பக்கத்தின் மூலையில் "இப்போது 7 பேர் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்" என்று துள்ளிக் குதிக்கிறதே, அது நிஜமா? காலையில் நான் ஒருத்திதான் திறந்து பார்த்தேன், அப்போதும் ஏழு பேர்தான். பொய்யாக இருந்தால் எடுத்துவிடு. என் கடைக்கு வருகிறவர்களை யாரும் அவசரப்படுத்தக் கூடாது.

அன்புடன்,
அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்கா,

ஏழு பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். இது எல்லாரும் போடுவதுதான், ஆனால் உங்கள் கடை, உங்கள் விருப்பம்.

தேடலில் முதல் பக்கத்துக்கு வந்துவிட்டோம். அதில் நிற்க வேண்டுமென்றால் புதிது புதிதாக எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு தேடுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அதற்கு முன்னால், பயத்தில் தேடுகிறவர்கள் ஏராளம். அவர்களுக்காகச் சில பக்கங்கள் சேர்த்திருக்கிறேன். அதையெல்லாம் நீங்கள் உட்கார்ந்து படிக்க வேண்டாம். இயந்திரத்துக்காக எழுதியது. நீங்கள் தைப்பதைப் பாருங்கள், இதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தம்பி


நவம்பர் 14

தம்பி,

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பேங்க் கவுன்ட்டரில் வேலை பார்க்கிற ஒரு பெண் வந்தாள். வயது முப்பத்தைந்து இருக்கும். செப்டம்பரில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. திரையை இழுத்துவிட்டு, நாற்காலியில் உட்கார வைத்து, டேப்பைச் சுற்றினேன். அவள் திரைக்கு வெளியே எட்டிப் பார்த்தபடியே கேட்டாள்: "அந்த அக்கா இன்னிக்கு வருவாங்களா?"

"எந்த அக்காம்மா?"

"உங்க தங்கச்சிதாங்க. அவங்க எழுதினதைப் படிச்சுத்தான் எனக்குத் தெம்பே வந்துச்சு. அவங்க கையைப் பிடிச்சுப் பேசணும்னுதான் நேர்ல வந்தேன்."

போனை எடுத்துக் காட்டினாள். வாலு! கடையில் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சிரிக்கிற படம். எடுத்தது நான். கீழே எழுதியிருந்தது: "எனக்கு ஆபரேஷன் ஆகி ஏழு வருஷம். இன்று பூரண நலம். என் அக்கா தைத்துக் கொடுத்த உள்ளாடைதான் என்னை மறுபடியும் பெண்ணாக்கியது."

பெண்ணாக்கியதாம்! ஆபரேஷன் ஆகிப் பதினோரு மாதத்தில் செத்துப் போனாள் தம்பி. கடைசி மாதம் அவளுக்கு உடம்பில் துணி பட்டாலே தாங்கவில்லை. நான் தைத்த எதையும் அவள் போடவில்லை.

இது பாதிதான். அந்தப் பெண் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாள். "ஏப்ரல்ல குளிக்கும்போது ஒரு கட்டி தட்டுப்பட்டுச்சு. வலி இல்ல. தேடினேன், உங்க பக்கம்தான் மொதல்ல வந்துச்சு. வலியில்லாத கட்டியா, பயப்பட ஒன்றுமில்லைன்னு போட்டிருந்துச்சு. அப்பாடான்னு இருந்துச்சு. ஆகஸ்ட் வரைக்கும் அப்படியே விட்டுட்டேன். கொஞ்சம் சீக்கிரம் வந்திருந்தா முழுசா எடுக்க வேண்டியிருந்திருக்காதுன்னு டாக்டர் சொன்னார்."

அவள் குறை சொல்லவில்லை. வெயில் அதிகம் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். என் கையில் டேப் இருந்தது, அதில் எண் எதுவும் தெரியவில்லை.

அவளை அனுப்பிவிட்டு அந்தப் பக்கத்தைத் தேடிப் படித்தேன். "பயப்பட ஒன்றுமில்லை. பெரும்பாலான கட்டிகள் தானே கரைந்துவிடும். அதுவரை இதமான உள்ளாடை அணியுங்கள்." அதற்குக் கீழே ஆர்டர் பொத்தான். சீ! மேஜையில் வெட்டி வைத்திருந்த துணியைத் தொடப் பிடிக்கவில்லை. இந்தப் பக்கத்தால் வந்த ஆர்டருக்குத்தானே எட்டு மாதமாகப் பல்லை இளித்துக்கொண்டு தைத்திருக்கிறேன்? ஒரு நாளாவது திறந்து படித்தேனா? உன் மேல் வருகிற அருவருப்பில் பாதி என் மேலேயே வந்து விழுகிறது.

உடனே எல்லாவற்றையும் எடு. ஏன் செய்தாய் என்று எழுது.

அக்கா


நவம்பர் 17

அக்கா,

கோபத்தில் எழுதியிருக்கிறீர்கள். பொறுமையாகப் படியுங்கள்.

கட்டி பற்றிய பக்கம் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். அந்தக் கேள்வியை மாதத்துக்கு ஆயிரக்கணக்கானவர்கள் தேடுகிறார்கள். பயமுறுத்தினால் மூடிவிட்டுப் போய்விடுவார்கள், ஆறுதலாக எழுதினால் நிற்பார்கள். அடியில் சின்ன எழுத்தில் "மருத்துவரை அணுகவும்" என்று சேர்த்துவிடுகிறேன். ஒரேயடியாக எடுத்தால் கடை பழையபடி பாதாளத்துக்குப் போய்விடும்.

வாலு விஷயம் வேறு. முதலில் உண்மையைத்தான் எழுதினேன். இரண்டு விதமாகப் போட்டுப் பார்ப்பது எங்கள் தொழிலில் வழக்கம். ஒன்றில் அவள் இறந்துவிட்டாள், இன்னொன்றில் பிழைத்துவிட்டாள். இறந்தவளை ஜனங்கள் பதினோரு நொடி பார்த்தார்கள். பிழைத்தவளோடு நாலு நிமிஷம் இருந்தார்கள். நான் என்ன செய்யட்டும்?

பிறகு வெப்சைட் வழியாக அவளுக்குக் கடிதம் வர ஆரம்பித்தது அக்கா. "ரேடியேஷன்ல முடி கொட்டுமா அக்கா", "எனக்குத் தூக்கம் வரலைக்கா" என்று. நாற்பத்து மூன்று பேர். ஒருத்தரையும் விடவில்லை, எல்லாருக்கும் அவள் பெயரில் பதில் போட்டேன். அவள் பேசுகிற மாதிரியே, அவளுடைய கிண்டலோடு. காலையில் எழுந்ததும் முதல் வேலை அதுதான். அந்தப் பெண்களுக்குத் தெம்பு கிடைத்தது. எனக்கும் எழுந்திருக்க ஒரு காரணம் கிடைத்தது. அவள் இருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பாள்.

அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

தம்பி


டிசம்பர் 3

ஐயா,

வெப்சைட்டின் பதிவு என் பெயரில் இருக்கிறது. பதிவு செய்த கம்பெனிக்குப் போன் போட்டுப் பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். நீங்கள் எழுதிய பக்கங்களை நானே ஒவ்வொன்றாக அழித்தேன். கம்ப்யூட்டர் தெரியாதவள் இரண்டு நாள் உட்கார்ந்து அழித்தேன். பெரிய எழுத்தும், அளவு அட்டவணையும், போன் பொத்தானும் அப்படியே இருக்கின்றன. நல்ல வேலை அவை. நன்றி. மேலே முதல் வரியாக "கட்டி தெரிந்தால் இன்றே டாக்டரிடம் போங்கள். எங்களிடம் பிறகு வரலாம்" என்று போட்டிருக்கிறேன், இருக்கிறதிலேயே பெரிய எழுத்தில். தேடினால் இப்போது மூன்றாவது பக்கத்தில் கிடக்கிறோம். கிடக்கட்டும்.

வாலு இறந்துவிட்டாள், உங்களுக்கு எழுதியது அவள் இல்லை என்று நாற்பத்து மூன்று பேருக்கும் எழுதினேன். நீங்கள் அவர்களுக்கு எழுதியதையும் படித்தேன். அவள் சிரிப்பை, அவள் கெட்ட வார்த்தையை, என்னை அவள் கூப்பிடுகிற பட்டப்பெயரைக்கூட விடவில்லை நீங்கள். செத்தவளின் புடவையைச் சுற்றிக்கொண்டு ஒரு ஆண்பிள்ளை என் வாசலில் உட்கார்ந்து என்னிடம் வருகிற பெண்களோடு குசுகுசுவென்று பேசுவதைப் பார்த்த மாதிரி இருந்தது.

"அப்ப நானும் செத்துடுவேனா?" என்று ஒருத்தி திருப்பி எழுதினாள். அவளோடு ஒன்றரை மணி நேரம் போனில் பேசினேன். இன்னொருத்தி, "எனக்கு முன்னாடியே சந்தேகம்தாங்க. மார்புல புண்ணு இருக்கிறவ இவ்ளோ தைரியமாப் பேச மாட்டா" என்று எழுதினாள். பேங்க் பெண்ணை மட்டும் நேரில் வரச் சொன்னேன். புதிதாகத் தைத்ததைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைப் பார்த்தபடியே நின்றாள். "கொக்கிய மாட்டிவிடுங்க" என்றாள். மாட்டினேன். போய்விட்டாள். மறுபடி வருவாளா, தெரியாது.

இன்னொன்றும் இருக்கிறது. இதுவரை வாயைத் திறந்து நான் கேட்டதில்லை. கட்டி இருப்பதை வாலு என்னிடம் சொன்னபோது ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஏன்டி இவ்வளவு நாள் சொல்லவில்லை என்று திட்டினேன். "அவர்தான்க்கா, வலி இல்லன்னா பயப்பட ஒண்ணுமில்லன்னு சொன்னார்" என்றாள். அன்று உங்கள் மேல் எனக்குத் துளிக் கோபமும் வரவில்லை. உங்களுக்குத் தெரியாது, பயத்தில் ஏதோ சொன்னீர்கள், யாரும் சொல்வதுதான். அந்த வாக்கியத்தின் விலை தெரிந்த பிறகும், ஊரில் இருக்கிற எல்லாப் பெண்களுக்கும் சேர்த்து அதையே எழுதி வைத்திருக்கிறீர்கள். அதற்குக் கீழே பொத்தானும் வைத்தீர்கள்.

இனிமேல் எனக்கு எழுத வேண்டாம். வரவும் வேண்டாம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்


டிசம்பர் 9
வெப்சைட் விசாரணைப் படிவம் வழியாக

அக்கா, நீங்கள் போனை எடுக்கவில்லை, அதனால் இதில் எழுதுகிறேன். அந்த நாற்பத்து மூன்று பேரில் கல்லூரியில் படிக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு ஐந்தாம் தேதி ஸ்கேன். ரொம்பப் பயந்திருந்தாள். முந்தின நாள் அவளுக்கு எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். ஸ்கேனில் என்ன வந்தது என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள்.


டிசம்பர் 10

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. அன்று கூடப் போனது நான். வாலு பெயரில் எழுதியது யார் என்று அவள் கேட்கவில்லை.