பார்வை: தங்கள் கண்

மார்ச் 3
ஆபீஸ் லிஃப்டைப் பராமரிப்பது என் வேலை. ஆறாவது மாடிக்கு மேலே மோட்டார் அறை. லிஃப்டைத் தாங்கும் இரும்பு வடத்தில் ஒரே இடத்தில் ஏழு இழை அறுந்திருக்கிறது. மாற்றும்வரை லிஃப்டை நிறுத்தவேண்டும் என்று எழுதி, ‘தங்கள் பார்வைக்கு’ என மேனேஜர் மேசையில் வைத்தேன்.

மார்ச் 5
தாள் திரும்பி வந்தது. ‘பார்த்தேன்’ – கீழே கையெழுத்து. எதைப் பார்த்தார்? தாளை.

மார்ச் 6
நேரில் போனேன். “பாக்கலாம் தம்பி.” இந்த ஆபீசில் ‘பார்க்கலாம்’ என்றால் பார்க்கமாட்டோம். ‘மேற்பார்வை’ என்றால் மேலே ஏறிப் பார்க்காதது. நான் படித்த படிப்பில் இந்த அகராதி இல்லை.

லிஃப்ட் ஓட்டும் அக்காவிடம் சொன்னேன். நாள் முழுக்க அந்தப் பெட்டிக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பது அவர்தான். “எறங்கிட்டா வேற வேலை குடுப்பாங்களா? நீங்கதான் கொஞ்சம் பாத்து செய்யணும் தம்பி.”

பாத்து செய்யணுமாம்! பாத்ததைச் சொன்னதுக்கே இந்தப் பாடு.

மார்ச் 10
கூட்டம். “யார் கண்ணுக்கும் தெரியாதது உங்க கண்ணுக்கு மட்டும் எப்படித் தெரியுது?” என்றார் மேனேஜர்.

“மத்தவங்க யாரும் மேல ஏறலையே சார்.”

யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். எனக்குக் கண் பரிசோதனை என்று முடிவாயிற்று. வடத்துக்கு இல்லை. எனக்கு.

மார்ச் 12
தூரப்பார்வையாம். கிட்டத்தில் இருக்கும் பொடி எழுத்து மங்குகிறது. வேறு இடமென்றால் தூரப்பார்வைக்குப் பதவி உயர்வு கிடைக்கும்.

மார்ச் 13
கடிதம்.
‘பொருள்: லிஃப்ட் வடம்.
பார்வை: தங்கள் கண் பரிசோதனை அறிக்கை.’
பார்வைக் குறைபாட்டால் எழுந்த புகாராம், கோப்பு முடிக்கப்பட்டதாம்.

ஒருவேளை – இல்லாததைத்தான் பார்த்தேனா?

மார்ச் 16
கண்ணாடி வந்தது. மாட்டிக்கொண்டு நேரே மேலே ஏறினேன். என் கணக்கு தப்புதான். ஏழு இல்லை, பதினெட்டு.

அக்காவை இறங்கச் சொல்லி, மெயினை அணைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். வேலை போனால் போகட்டும்.

மார்ச் 17
ஆறு மாடி படியேறி மூச்சிரைக்க வந்தார் மேனேஜர். “சாவிய எடுங்க!” நான் வடத்தைக் காட்டினேன். குனிந்தார். தன் சட்டைப்பையைத் தடவினார். குரல் இறங்கியது.

“கண்ணாடிய கீழயே வெச்சுட்டேன் தம்பி. உங்களுத கொஞ்சம் குடுங்க.”

கொடுத்தேன். வாய்க்குள் எண்ணினார். பத்தைத் தாண்டியதும் ஓரடி பின்வாங்கினார்.

மார்ச் 20
புது வடம் ஏற்றுகிறார்கள். அதுவரை அக்காவின் ஸ்டூல் வரவேற்பறையில். சுற்றறிக்கை வந்திருக்கிறது: ‘மேலாளரின் கூரிய பார்வையில் கண்டறியப்பட்ட பழுது.’

என் கண்ணாடிதான் இன்னும் திரும்பி வரவில்லை.