பன்னிரண்டு மணிக்கு நிறுத்தம்

மதினி,

இன்றைக்குக் காலையில் சூடம் காட்டினேன். கூரையில் ஒட்டியிருக்கிற அந்த வெள்ளை வட்டம் வழக்கம்போல அலறத் தொடங்கிவிட்டது. டெக்சாஸில் கேட்டி என்கிற இந்த ஊர் வீடுகளுக்குச் சாமியும் ஒன்றுதான், தீ விபத்தும் ஒன்றுதான். மாடியில் துணி வைக்கிற அலமாரி அறையில்தானே முருகனை உட்கார வைத்திருக்கிறோம். அங்கே ஒரு சூடம் எரிந்தால் போதும், வீடு முழுக்க ஊளைச் சத்தம். நீங்கள் விட்டுப்போன மஞ்சள் துண்டை எடுத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, கை வலிக்க விசிறினேன். சத்தம் நின்றது. அதற்குப் பிறகு இருந்த அமைதிதான் மதினி, அந்தச் சத்தத்தைவிட மோசம்.

நீங்கள் இருந்தபோது, நமக்குள் எவ்வளவு சண்டை இருந்தாலும், அலாரம் அடித்தால் துண்டோடு ஓடி வருவீர்கள். சாமி கும்பிட மாட்டீர்கள், ஆனால் சாமிக்கு வந்த புகையை விரட்ட வருவீர்கள். "ஏறாதீங்க சம்பந்தி! விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டா இந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு நம்ம ரெண்டு பேர் வீட்டையும் வித்தாலும் பத்தாது!" என்று கத்துவீர்கள். எனக்கு விற்க வீடே இல்லை என்பது அப்போது உங்களுக்குத் தெரியாது.

எங்கள் பக்கம் சம்பந்தியை மதினி என்றுதான் கூப்பிடுவோம். நீங்கள் கடைசிவரை என்னைச் சம்பந்தி என்றே கூப்பிட்டீர்கள். நீங்கள் மதுரையில் முப்பது வருஷம் சரித்திரம் சொல்லிக்கொடுத்த டீச்சர். நான் திருச்செந்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் எட்டாவதோடு நின்றவள். உங்கள் மகள் கவிதாவையும் என் மகன் செந்திலையும் தவிர நமக்குள் பொதுவாக என்ன இருந்தது, சொல்லுங்கள்?

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். ஆனால் டெக்சாஸில் எது தாய்வீடு? கவிதா உங்களுக்கு டிக்கெட் போட்டாள், செந்தில் எனக்குப் போட்டான். மற்றவர் முகம் சுளிப்பாரோ என்று பயந்து இரண்டு பேரும் கடைசி வாரம்வரை வாயைத் திறக்கவில்லை. ஒரே வாரத்தில் இரண்டு பேரும் வந்து இறங்கினோம். இரண்டு பெட்டியிலும் பிரசவ லேகியம்.

"என் மகள் பிரசவம்" என்று நீங்கள். "என் மகன் வீடு" என்று நான். வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும்.

அடுப்படியை நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள். டப்பாவுக்கெல்லாம் பெயர் எழுதி ஒட்டி, அடுப்புக்குப் பக்கத்தில் ஒட்டுக்கொக்கி வைத்து அதில் பெரிய கரண்டியை மாட்டி, ஒரு அரசாங்கமே நடத்தினீர்கள். நேருக்கு நேர் நின்றால் உங்கள் வாய்க்கு முன்னால் நான் நிற்க முடியாது. அதனால் மறைந்திருந்து அடித்தேன். நீங்கள் எழுந்திருக்கும் முன்னே பூண்டுக் குழம்பு வைத்துவிடுவேன். கரண்டியை எடுத்து அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைப்பேன். நீங்கள் குளிக்கப் போன நேரம் பார்த்துக் கவிதாவுக்குத் தயிரை மறைத்து மிளகு ரசம் கொடுப்பேன். ஒருநாள் சாம்பாரில் நீங்களும் உப்புப் போட்டு, நானும் உப்புப் போட்டு, செந்தில் ஒரு வாய் வைத்துவிட்டு எழுந்துபோய் பீட்சா ஆர்டர் பண்ணினான். பாவம் பிள்ளை.

நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். கரண்டியை மூட்டைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கழுவிக்கொண்டே சிரித்தீர்கள்.

"சம்பந்தி, நீங்க அயர்லாந்துக்காரங்க மாதிரி."

"அது யாரு?"

"இங்கிலாந்துக்கிட்ட சுதந்திரம் கேட்டுச் சண்டை போட்டவங்க. பத்துப் பதினஞ்சு பேரா ரோட்டு ஓரத்துல ஒளிஞ்சிருந்து, லாரி வந்தா சுட்டுட்டு, வயக்காட்டுக்குள்ள ஓடிருவாங்க. மறுநாள் பார்த்தா ஒண்ணும் தெரியாத மாதிரி மாடு மேய்ச்சுக்கிட்டு இருப்பாங்க."

"அப்ப நீங்க இங்கிலாந்தா?"

"கொக்கி மாட்டினவ நான்தானே. அப்படித்தான் போல."

எம்.ஏ. பரீட்சையில் வந்த கேள்வி அது என்று சொன்னீர்கள். அயர்லாந்துச் சண்டை ஏன் போர் நிறுத்தத்தில் முடிந்தது? இங்கிலாந்துக்காரன் களைத்துவிட்டான் என்று பக்கம் பக்கமாக எழுதினீர்களாம். பாதி மார்க்தான் வந்ததாம். அந்தக் கோபத்தில், இந்த ஊர் லைப்ரரியிலிருந்து தலையணை மாதிரி ஒரு புத்தகத்தை எடுத்துவந்து, பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு வாசித்தீர்கள். அந்த வயதில் யாருக்கு மார்க் வேண்டும் என்று நான் கிண்டல் பண்ணினேன்.

ஒருநாள் மத்தியானம் கவிதாவைக் காணவில்லை. குழந்தை மேலே அழுகிறது. நாம் இரண்டு பேரும் வீடெல்லாம் தேடினோம். கடைசியில் கராஜ் கதவைத் திறந்தால், நிறுத்தியிருந்த காருக்குள் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறாள். பிரசவமாகி மூன்று மாதம் ஆகியிருக்கும்.

"ஒண்ணுமில்ல. இங்கதான் யாரும் என்னைச் சாப்பிடச் சொல்லலை" என்றாள்.

நீங்கள் கதவை மெல்லச் சாத்தினீர்கள். அடுப்படிக்கு வந்து தண்ணீர்க் குழாயைத் திறந்து, கழுவின கரண்டியையே மறுபடி கழுவினீர்கள்.

"சம்பந்தி, நிறுத்திருவோம்."

"நான் என்ன பண்ணுதேன் நிறுத்துததுக்கு?"

"நாளைக்கு மத்தியானம் பன்னிரண்டு மணியிலிருந்து. காலையில சமையல் உங்களது, சாயங்காலம் என்னோடது. கரண்டி கொக்கியிலேயே இருக்கணும்."

"அது என்ன பன்னிரண்டு மணிக் கணக்கு? இப்பமே நிறுத்துனா என்ன?"

"அயர்லாந்துல அப்படித்தான். ஒத்துக்கிட்டது ஒரு நாள், நிறுத்தினது ரெண்டு நாள் கழிச்சு, திங்கட்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு. நடுவுல இருந்த நேரத்துலயும் சுட்டுக்கிட்டேதான் இருந்தாங்க. நிறுத்தப்போறோம்னு தெரிஞ்சே சுட்டாங்க."

"சவத்துப்பயலுவ" என்றேன். மறுநாள் காலை பத்து மணிக்கு நான் செய்ததை அந்த வார்த்தை தடுக்கவில்லை.

அன்றைக்குச் சனிக்கிழமை. செந்தில் குழந்தையைத் தூங்கப் போட மாடிக்குப் போனான். நான் பின்னாலேயே போய், தொட்டில் பக்கத்தில் நின்று, ரகசியமாகச் சொன்னேன். நான் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் நினைவிருக்கிறது.

"ஏய், அவங்கள முதல்ல அனுப்பிருடா. அவங்களுக்கு மதுரையில வீடு இருக்கு, பென்ஷன் இருக்கு. நான் போறதுக்கு எங்கடா இருக்கு? உன் சித்தப்பா மகன் கல்யாணம் ஆகி என் ரூம்லதான இருக்கான். என் டிரங்குப் பெட்டிய மாட்டுத் தொழுவத்துல வச்சிருக்காங்க. நான் அத யார்கிட்டயும் சொல்லல. நீ என்னய வச்சுக்கோ."

செந்தில் என் தோளைத் தொட்டுவிட்டுப் போனான்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே வந்தேன். நீங்கள் அடுப்பு முன்னால் நின்றிருந்தீர்கள். தாளிக்கிற எண்ணெய் காய்ந்து புகைந்துகொண்டிருந்தது, கடுகு உங்கள் கையிலேயே இருந்தது. பக்கத்தில் அந்த பேபி மானிட்டர். மேலே குழந்தை மூச்சுவிடுவதுகூட அதில் தெளிவாகக் கேட்டது. நீங்கள் என்னைப் பார்க்காமல், அதன் திருகைத் திருப்பிச் சத்தத்தைக் குறைத்தீர்கள். பிறகு கடுகைப் போட்டீர்கள்.

பன்னிரண்டு மணிக்கு எனக்குத் தட்டு வைத்துச் சோறு போட்டீர்கள். எனக்குப் பிடித்த அப்பளம் வேறு பொரித்திருந்தீர்கள். ஏதாவது பேச வேண்டுமே என்று நான்தான் கேட்டேன்.

"அவ்வளவு பெரிய ராஜ்யம் ஏன் மதினி நிறுத்துச்சு? அடிச்சு நொறுக்கிருக்கலாமே."

"நொறுக்கியிருக்கலாம். ஆனா அதுக்கு இன்னும் எத்தனை வீட்டை எரிக்கணும், எத்தனை பேரைக் கட்டி வைக்கணும்னு கணக்குப் பார்த்தாங்க. ஏற்கெனவே ஊரைக் கொளுத்தினதுக்கு அவங்க நாட்டுப் பேப்பர்லயே காறித் துப்பியிருக்காங்க. அமெரிக்காக்காரன் வேற பார்த்துக்கிட்டு இருக்கான். ராஜாவே வந்து, பழசை மறப்போம்னு பேசிட்டுப் போனார். அப்புறம் பேச்சுவார்த்தைக்குக் கடிதம் போட்டுக் கூப்பிட்டாங்க. இதுதான் நான் பரீட்சையில எழுதினது."

"மீதிப் பாதி?"

"அந்தப் பக்கமும் காலி. ஆளுங்க ஆயிரக்கணக்குல ஜெயில்ல. தலைநகரத்துல ஒரு பெரிய கட்டடத்தைக் கொளுத்தப் போய் ஒரே நாள்ல ஏகப்பட்ட பேர் மாட்டிக்கிட்டாங்க. துப்பாக்கி இருந்தா குண்டு இல்ல. இன்னும் கொஞ்ச நாள்கூடத் தாங்க மாட்டோம்னு சில தலைவருங்களே நினைச்சாங்க. வெளியில காட்டிக்கல, அவ்வளவுதான்."

"அவங்க கை காலின்னு இங்கிலாந்துக்காரனுக்குத் தெரியாதா?"

"முழுசாத் தெரியாது."

"தெரிஞ்சிருந்தா?"

நீங்கள் என் தட்டில் இன்னொரு அப்பளம் வைத்தீர்கள். "தெரிஞ்சிருந்தா இன்னும் கொஞ்சம் அடிச்சிருப்பாங்கன்னு சில பேர் எழுதியிருக்காங்க. எல்லாரும் அடிக்க மாட்டாங்க, சம்பந்தி."

அதே மூச்சில், அடுத்த மாதமே ஊருக்குப் போகப்போவதாகச் சொன்னீர்கள். மதுரை வீட்டு மாடியில் குடியிருப்பவர்கள் காலி பண்ணுகிறார்களாம், போய்ப் பார்க்க வேண்டுமாம். ஆறு மாத விசாவில் இரண்டு மாதம் மீதி இருந்தது. கவிதா எவ்வளவோ கெஞ்சினாள்.

"அந்தச் சண்டை அதோட முடிஞ்சுதா மதினி?" என்று நீங்கள் பெட்டி கட்டும்போது கேட்டேன். எனக்கு ஒரு நல்ல முடிவு தேவைப்பட்டது.

"எங்க முடிஞ்சுது? பேச்சுவார்த்தையில கிடைச்சது போதும்னு பாதிப் பேர், போதாதுன்னு பாதிப் பேர். ஒண்ணா ஒளிஞ்சிருந்தவங்களே ஒருத்தரை ஒருத்தர் சுட்டுக்கிட்டாங்க. நிறுத்துறது வேற, சமாதானம் வேற." அந்தத் தலையணைப் புத்தகத்தை என் கையில் கொடுத்து, மறக்காமல் லைப்ரரியில் திருப்பச் சொன்னீர்கள்.

நீங்கள் போன பிறகு செந்தில் எனக்கு கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணினான். ஞாயிற்றுக்கிழமை தோறும் வீடியோவில் வருவீர்கள். "கரண்டி எங்க இருக்கு, காட்டுங்க" என்பீர்கள். நான் போனைத் திருப்பிக் கொக்கியைக் காட்டுவேன். எட்டு மாதம் அப்படிப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வரவில்லை. மாரடைப்பு என்று பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது. கவிதா மட்டும் போனாள். என் பேப்பர் முடியாமல் நாட்டை விட்டு வெளியே போகக்கூடாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். உங்கள் வீட்டு வாசலில் உங்களைக் கிடத்தியிருந்ததை நான் இங்கே அடுப்படியில் நின்று போனில் பார்த்தேன். தோளில் உங்கள் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு ஒரு வருஷமாகக் கவிதா எப்போதாவது கேட்பாள். "அம்மா ஏன் அத்தை அவ்வளவு சீக்கிரம் போனாங்க?" ஒவ்வொரு தடவையும் நான் ஒரு பொய் சொல்வேன். இந்த ஊர் வெயில் ஒத்துக்கவில்லை. மாடி காலியானது. முழங்கால் வலி. தினமும் முருகன் முன்னால் சூடம் ஏற்றிவிட்டு, கீழே வந்து பொய் சொன்னேன் மதினி.

இன்று காலை அலாரத்தை நிறுத்திவிட்டுத் துண்டோடு இறங்கினேன். கவிதா குழந்தையை டேகேருக்குக் கிளப்ப ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். அந்தத் துண்டையே பார்த்தாள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"உங்கம்மா சீக்கிரம் போனது என்னாலதாம்மா. நான் செந்தில்கிட்ட ஒண்ணு சொன்னேன், அது மானிட்டர்ல…"

"தெரியும் அத்தை."

"என்ன தெரியும்?"

"அது என் போன்லயும் வரும். நான் கீழ சோபாலதான் இருந்தேன். எல்லாம் கேட்டுச்சு. டிரங்குப் பெட்டி, மாட்டுத் தொழுவம், எல்லாம்." ஷூவின் பட்டையை இழுத்து ஒட்டினாள். "அம்மாகிட்ட சண்டை போட்டேன், நீ ஏன் போகணும்னு. அம்மா என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க, நாங்க கேட்டதை உங்ககிட்ட காட்டிக்கக்கூடாதுன்னு. நீங்களே சொல்வீங்களான்னுதான் அப்பப்ப…" குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். "ஃப்ரீவே டிராஃபிக் ஆயிரும். வரேன் அத்தை."

குழந்தை கையாட்டியது. கராஜ் கதவு மூடிக்கொண்டது.

ஒளித்து வைத்ததாக நான் நினைத்துக்கொண்டிருந்த ஒன்றை, இத்தனை நாள் எல்லாரும் தெரிந்துகொண்டே எனக்குச் சோறு போட்டிருக்கிறீர்கள். நீங்கள் கேட்டீர்களா என்று இனி நான் கேட்க வேண்டியதில்லை. கேட்ட பிறகும் அந்த இரண்டாவது அப்பளத்தை ஏன் வைத்தீர்கள் என்றுதான் கேட்க வேண்டும். உங்கள் படத்தை நான் முருகன் பக்கத்தில் வைக்கவில்லை, நீங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போனதில்லை. மசாலா டப்பாக்களுக்கு நடுவில் வைத்திருக்கிறேன். அங்கிருந்து பார்த்தால் நீங்கள் எழுதி ஒட்டிய பெயர்கள் எல்லாம் தெரியும்.

இப்போது மணி பன்னிரண்டு. சாம்பாரில் ஒரே ஒரு தடவைதான் உப்புப் போட்டிருக்கிறேன். கரண்டியைக் கழுவி, நீங்கள் ஒட்டிய கொக்கியிலேயே மாட்டிவிட்டேன். நாளைக்குக் காலையிலும் அது அங்கேயேதான் இருக்கும் மதினி.