பொரி போட ஒரு தம்பி

மைசூர் ஜெயில்
பிப்ரவரி 3, 2025

கனகாக்கா,

நல்லாருக்கேன். பேக்கரில போட்டிருக்காங்க, பன்னு சுடறேன். பியூசி படிப்ப பாதில விட்டு ஓடுனவன் இங்க ஒரே எடத்துல நின்னு வேலை பாக்கறேன். நீயே நம்ப மாட்ட.

விஷயத்துக்கு வரேன். உன் கல்யாணத்துக்குப் பரோல் கேட்டிருக்கேன். வெல்ஃபேர் ஆஃபீசர் நஞ்சுண்டசாமி சார் நல்லபடியா எழுதி அனுப்பிட்டாரு. இனி ஹெப்பாள்ல நம்ம வீட்டுக்குப் போலீஸ் வந்து, "இவன் வந்தா வெச்சுக்குவீங்களா"ன்னு கேக்கும். "வரட்டும் சார்"னு சொல்லு, போதும். அக்கா கையில பொரி போடறது தம்பி வேலை. வேற எவனையும் நிக்க வெச்சிடாத.

தருண்

கொள்ளேகால்
மார்ச் 12, 2025

அன்புத் தம்பி தருணுக்கு,

கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது. இங்க பக்கத்து வீட்டுத் தறி சத்தத்துல தூக்கமே இல்ல. உங்க மாமா நல்ல மாதிரி. தாலி கட்டறப்ப அம்மா உன்ன நெனச்சு அழுதுச்சு.

போலீஸ் வந்தாங்க. நான் நல்லாத்தான் சொன்னேன், மேல என்ன பண்ணாங்களோ. பொரி போட சித்தப்பா மகன் கவின்ராஜ் நின்னான். முகூர்த்த நேரம், வேற ஆளில்ல. தப்பா எடுத்துக்காதடா. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா கனகா

மைசூர் ஜெயில்
மார்ச் 24, 2025

அக்கா,

நஞ்சுண்டசாமி சார் என்னக் கூப்பிட்டு உக்கார வெச்சாரு. "அவன் வந்தா எங்களுக்குப் பயம், விட்றாதீங்கன்னு உங்கக்காவே சொல்லிருக்காங்கப்பா"ன்னாரு. "பக்கத்து வீட்டுக்காரங்க சொன்னதா இருக்கும் சார்"னேன். கன்னடத்துல சொன்னது எனக்குப் புரியலையோன்னு தமிழ்ல வேற இன்னொரு தடவ சொன்னாரு.

எப்பக்கா உன்ன அடிச்சேன்? எப்ப மெரட்டுனேன்?

மார்க்கெட்டுல அந்த ஆள அடிச்சப்ப கவினும்தான் அடிச்சான். வீட்டுல ரெண்டு பேர் உள்ள போக வேணாம், அவன் பேரச் சொல்லாதன்னு நீதான் அழுத. நான் சொல்லல. அவன் உன் கையில பொரி போடறான். என்னக் கண்டா உனக்குப் பயம்.

தருண்

கொள்ளேகால்
ஏப்ரல் 9, 2025

தருணு,

திட்டிக்கோ. நீ ஓசூர்ல கம்பெனி வேலைல இருக்கன்னு மாப்பிள்ளை வீட்ல சொல்லியிருந்தோம். நீ வந்தா தெனமும் ஸ்டேஷன்ல கையெழுத்துப் போடணுமாம். அவங்களுக்குத் தெரியாம இருக்குமா? வேணாம்னு மட்டும்தான் சொல்ல நெனச்சேன். "காரணம் சொல்லும்மா"ன்னாங்க. வாயில அதுதான் வந்துச்சு. அம்மாவும் பக்கத்துலதான் நின்னுச்சு.

அடுத்த தடவ கேளுடா. நானே வந்து நின்னு "வரட்டும்"னு சொல்றேன். இவருக்குத் தெரியாம வந்துட்டுப் போயிடு. இனி லெட்டர் இங்க போடாத, அம்மா வீட்டுக்குப் போடு.

கனகா

மைசூர் ஜெயில்
ஏப்ரல் 21, 2025

அக்கா,

அம்மா வீட்டுக்குத்தான் போடறேன்.

மறுபடி பரோல் கேக்கலாமான்னு சார் கேட்டாரு. வேணாம்னுட்டேன். "ஏன்பா, வீட்டுக்குப் போக ஆசையில்லியா"ன்னாரு. "அவங்களுக்குப் பயம் சார்"னேன்.

இங்கருந்து போன் பேச உன் நம்பரும் குடுத்திருந்தேன். அத லிஸ்ட்டுலருந்து எடுத்துடச் சொல்லிட்டேன்.

போலீஸ் இனி என்னால உங்க வாசலுக்கு வராது. வெளிய வந்ததும் ஓசூருக்கே போயிடறேன். நீ சொன்னது பொய்யாக வேணாம்.

தருண்குமார்