யன்னலில் இரண்டு பீங்கான் சீனி

திருகோணமலை,
17.11.1974

அன்புள்ள மச்சானுக்கு,

ஸலாம். உம்மாவும் நானும் சுகம். அந்தச் சீமைக் குளிரில் உங்கள் உடம்பும் மனமும் வாடாமல் அல்லாஹ் காப்பானாக. நீங்கள் அனுப்பிய இரண்டு சீனிப் போத்தல்களும் போன மாதமே உடையாமல் வந்து சேர்ந்தன. ஒன்றின் மூடி கோணலாக இருந்தது. சுங்கத்தில் யாரோ திறந்து ருசி பார்த்திருக்கிறார்கள் போல.

இங்கே மழை பிடித்துவிட்டது. துறைமுகத்தில் நிற்கும் கப்பல்கள் மத்தியானத்திலும் மங்கலாகத்தான் தெரிகின்றன. தீக்குச்சி பற்றுவதில்லை. நூலகத்தில் எடுத்து வந்த நாவல் ஈரத்தில் ஊதிப்போய், மூட மாட்டேன் என்கிறது. அதை மூன்றாம் முறையாகப் படிக்கிறேன். முடிவு தெரிந்திருந்தும், ஒவ்வொரு முறையும் அது வேறு மாதிரி முடியாதா என்று பார்க்கிறேன்.

நீங்கள் சொன்னபடியே செய்தேன். கடற்பக்கத்து யன்னலில் இரண்டு பீங்கான் வைத்தேன். ஒன்றில் குளுக்கோஸ், மற்றதில் பாலில் இருந்து எடுக்கும் பாற்சீனி. எறும்புக்கும் தூசிக்கும் மேலே மல்துணி. காலையிலும் அஸர் தொழுகைக்குப் பிறகும் பீங்கானைச் சரித்து, தூள் தானாக ஓடுகிறதா என்று பார்த்துக் குறித்தேன். தட்டக் கூடாது, சரிக்க மட்டும் வேண்டும் என்று நீங்கள் அடிக்கோடிட்டு எழுதியிருந்ததை மறக்கவில்லை.

இதற்குள் ஒரு கூத்தும் நடந்தது. அபூதாஹிர் மாமா வந்திருந்த அன்று சங்கக்கடைப் பங்கீட்டுச் சீனி முடிந்திருந்ததால், உம்மா பாற்சீனிப் போத்தலில் இருந்து நான்கு கரண்டி அள்ளித் தேநீரில் போட்டுவிட்டார். மாமா இரண்டு மிடறு குடித்துவிட்டு, சீமைச் சீனியும் நம்மட அரசாங்கச் சீனி மாதிரித்தான் போல, பேருக்கு இருக்குது, இனிப்பைக் காணோம் என்றார். மருந்தைச் சுமக்கும் சீனிக்கு இனிப்பு எதற்கு என்று குசினிக்குள் நின்று சிரித்தேன். பிறகு, இதை உங்களிடம் உடனே சொல்ல ஏலாதே என்று நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

இருபத்தொரு நாள் முடிந்தது. இரண்டும் உதிரியாகவே இருக்கின்றன. நம் ஊர்க் காற்றில் எப்படி என்று உங்கள் பேராசிரியர் கேட்ட குறிப்புத் தாளை இதனுடன் வைத்திருக்கிறேன். குளுக்கோஸ் நம் மழைக்குத் தாக்குப்பிடித்தால், அதில் நீங்கள் எடுத்த இரண்டு வருட அளவுகளும் அப்படியே நிற்கும், வருகிற நோன்புக்கு முன் ஊர் வரலாம் என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா? அலுமாரியில் உங்கள் பக்கத்தை நேற்றே ஒழித்துத் துடைத்துவிட்டேன்.

உங்கள் பரீனா

*

திருகோணமலை,
08.12.1974

அன்புள்ள மச்சானுக்கு,

ஸலாம். முந்திய கடிதத்துக்கு உங்கள் பதில் வருமுன் இதை எழுதுகிறேன். அந்தக் குறிப்புத் தாளைப் பேராசிரியரிடம் கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால் இன்றே திருப்பி வாங்கிவிடுங்கள். குளுக்கோஸுக்கு நேரே நான் எழுதியது உண்மையில்லை.

ஐந்தாம் நாள் காலையிலேயே அது கட்டிபட்டுவிட்டது. பீங்கானைச் சரித்தேன், ஓடவில்லை. முழுதாகக் கவிழ்த்தேன், அப்போதும் விழவில்லை. பிறகு கரண்டியின் பின்புறத்தால் இரண்டு தட்டுத் தட்டினேன். கொஞ்சம் உதிர்ந்தது. அதை வைத்துக்கொண்டு "உதிரி" என்று எழுதினேன். அதன்பின் ஒவ்வொரு நாளும் தட்டிவிட்டுத்தான் எழுதினேன். பாற்சீனிக்குக் கரண்டி தேவைப்படவே இல்லை. அது முதல் நாள் போலவே கடைசி நாளும் ஓடியது.

ஏன் செய்தேன் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நோன்புக்கு இன்னும் எத்தனை வாரம் என்று எண்ணிக்கொண்டிருப்பவளின் கையில் அந்தக் கரண்டி இருந்தது.

போன புதன்கிழமை உங்கள் உம்மா மூதூரில் இருந்து லோஞ்சுப் படகில் வந்தார். ஆஸ்பத்திரியில் மருந்து எடுக்கத்தான் வந்தவர், மழையில் நனைந்து, மூச்சு முட்டு இழுத்தபடி நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, கொஞ்சம் ஆறிய பிறகுதான் கதைத்தார். யன்னலில் பீங்கான்களைக் கண்டு என்னவென்று கேட்டார். முட்டுக்கு உள்ளே இழுக்கும் மருந்துத் தூள் மாவிலும் நொய்மையானது, தனியே விட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அதனால் பருமனான சீனி மணிகளில் ஏற்றி அனுப்புகிறார்கள், மூச்சை இழுக்கும்போது சீனி வாயிலேயே தங்கிவிட மருந்து மட்டும் உள்ளே போகும் என்று நீங்கள் எழுதியதை அப்படியே சொன்னேன். மகன் செய்வது இதுதானா என்று பெருமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு முற்றத்தில் பப்பாசி இலைக்காம்பு ஒன்றை முறித்து வரச் சொன்னார். பகிடிக்குத்தான் கேட்கிறார் என்று நினைத்துக் கொடுத்தேன். நான் தடுக்குமுன் அதன் ஒரு முனையை வாயில் வைத்து, மற்ற முனையைக் குளுக்கோஸுக்கு மேலே பிடித்து, தன்னிடம் இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து இழுத்தார். ஒரு மணிகூட அசையவில்லை. இன்னொரு முறை இழுத்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இது வருகுதில்லையே மகள். என்ட மூச்சுத்தான் காணாது போல" என்றார்.

அவர் குறையைத் தன் மூச்சின்மேல் போட்டதை என்னால் தாங்க முடியவில்லை, மச்சான். பாற்சீனிப் பீங்கானை அவர் முன்னால் நகர்த்தினேன். மெல்லத்தான் இழுத்தார். வந்துவிட்டது. உதடெல்லாம் வெள்ளையாகி, இருமி, சின்னப் பிள்ளை போலச் சிரித்தார். இதில் இனிப்பைக் காணோமே என்று அவரும் சொன்னார்.

முட்டு வந்தவர் கையில் கரண்டி இருக்காது. இருப்பது மூச்சு மட்டும், அதுவும் கொஞ்சம். நீங்கள் ஏன் தட்டக் கூடாது என்று அடிக்கோடிட்டீர்கள் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பாற்சீனியில் முதலில் இருந்து தொடங்கினால் உங்கள் மகன் வர இன்னும் ஒன்றரை வருடம் ஆகும் என்றும் சொன்னேன். ஏசுவார் என்று இருந்தேன். நீ எழுதாட்டி நான் யாரையும் பிடிச்சு எழுதுவிப்பன், ஆனா நீயே எழுது என்றார். கடைசி லோஞ்சுக்குப் புறப்படும்போது, நீங்கள் உடுத்த சாரம் ஒன்று இங்கே கிடந்ததை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். கழுவிக் கொண்டுவருவதாகச் சொன்னார். அது கழுவி மடித்து வைத்திருந்த சாரம்.

மருந்தைச் சுமக்கும் மணிக்கு ஒரு அளவான பிடி வேண்டும் என்று முன்பு ஒரு கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். பிடி தளர்ந்தால் மருந்து வழியிலேயே பிரிந்துவிடும், இறுகினால் மூச்சு வந்தாலும் விடாது என்று. அதைப் படித்தபோது, கட்டுநாயக்க விமான நிலையத்தில் உங்கள் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதும், பெயர் கூப்பிட்டதும் விட்டதும் நினைவுக்கு வந்தன. சரியான நேரத்தில் விட்டுவிட்டேன் என்று இந்த இரண்டு வருடமும் எனக்குள் ஒரு கர்வம் இருந்தது. உண்மையில் நான் விடவே இல்லை. ஐந்தாம் நாள் காலையில் அந்தக் கரண்டியை எடுத்ததும் அதே கைதான்.

உண்மையான குறிப்பை இதனுடன் வைத்திருக்கிறேன். தட்டுமுன் கண்டதை அன்றன்று பென்சிலால் எழுதி, நாவலுக்குள் ஒளித்து வைத்திருந்த தாள் அது. ஓரத்தில் ஈரம் பட்டிருக்கிறது. எழுத்துகள் வாசிக்கக்கூடியவை. பேராசிரியர் இந்த ஊர்க் காற்றைத்தானே கேட்டார், அதுவும் தாளிலேயே வருகிறது.

பாற்சீனியில் தொடங்குங்கள். எனக்காக எதையும் குறைத்துச் செய்ய வேண்டாம். அலுமாரியில் உங்கள் பக்கம் ஒழித்தபடியே இருக்கும், அதில் நான் ஒன்றும் வைக்கப் போவதில்லை. கோபம் இருந்தால் கோபத்தையே எழுதுங்கள், ஆனால் கடிதம் நீளமாக இருக்கட்டும். அல்லாஹ் உங்கள் கைக்கு நிதானத்தையும் மாமியின் மூச்சுக்கு இன்னும் ஒன்றரை வருடத் தெம்பையும் தருவானாக. எனக்கென்று நீங்கள் துஆக் கேட்பதானால், அந்த யன்னலைக் கடந்து போகும்போது நான் எதையும் தட்டாமல் இருக்கக் கேளுங்கள்.

உங்கள் பரீனா